தடுப்பு மருந்து கொண்டுபோன இடத்தில் அடிபட்டவர்களுக்கு நம் ஊர் என்ன செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடு தேடிச் சென்று தடுப்பு மருந்து கொடுக்கும் பணியில் காயமுற்றவர்களுக்கும் உயிரிழந்தவர்களுக்கும் நம் மலேசியத் தோட்டப்புற ஊர்களில் முறையான மரியாதை செய்யப்பட வேண்டும் என்றும், அந்த மரியாதை மாலையோடும் பொன்னாடையோடும் நின்றுவிடாமல் அவர்களுடைய குடும்பத்தையும் பிழைப்பையும் எட்ட வேண்டும் என்றும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தை உலகத் தடுப்பூசி வாரமாக உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் கடைப்பிடித்து வருகிறது. அந்த வாரத்தில் தடுப்பூசியின் பயனைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன, அறிக்கைகள் வருகின்றன, கிளினிக் சுவர்களில் புதிய சுவரொட்டிகள் ஏறுகின்றன. மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வாசலாகப் போனவர்களைப் பற்றி அவற்றில் ஓரிரு வரிகள் இருந்தால் பெரிது. போன இடத்தில் சுடப்பட்டவர்கள், கல்லடி பட்டவர்கள், தாங்கள் தடுக்கப் போன நோய்க்கே ஆளானவர்கள் ஆகியோரைப் பற்றி நான் பார்த்தவரையில் ஒரு சொல்லும் இல்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. என் மூத்த அக்காளுக்கு நடை பழகிய வயதில் காய்ச்சல் வந்து, காய்ச்சல் இறங்கியபோது இடது கால் இறங்கிப்போயிருந்தது. அதற்குப் பின் ஆயுள் முழுவதும் அவர் இடது முழங்காலுக்கு மேலே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த அடியை எடுத்து வைத்தார். செம்மண் மேட்டில் ரப்பர் பால் வாளியோடு ஏறி இறங்க அவரால் முடியாது என்பதால், ரப்பர் மரம் சீவத் தீம்பாருக்குப் போகும் வயது வந்தும் ஆயாக்கொட்டகையிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அமர்த்தப்பட்டார். அவர் மடியில் வளர்ந்த பிள்ளைகளில் எழுபதுகளில் பிறந்தவர்களுக்கு அந்த நோய் வரவில்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு தொடங்கிய போலியோ சொட்டு மருந்துத் திட்டமே அதற்குக் காரணம். அந்தச் சொட்டு மருந்தை யாரோ ஒரு தாதி கிளினிக்கிலிருந்து பனிக்கட்டி வைத்த பெட்டியில் எடுத்துக்கொண்டு, லாரித் தடத்தில் குலுங்கிக் குலுங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் எவருக்குமே தெரிந்திருக்கவில்லை என்பது என் மனத்தை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

1988ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெப், ரோட்டரி போன்ற அமைப்புகளும் சேர்ந்து போலியோவை ஒழிக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, 125க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்நோய் நிலைகொண்டிருந்தது; ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று இயற்கையான போலியோக் கிருமி நிலைத்திருப்பது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஆகிய இரண்டு நாடுகளில் மட்டுமே. நோயாளிகளின் எண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலாகக் குறைந்துவிட்டது. மருந்தைக் கண்டுபிடித்த அறிஞர்களின் பெயர்களைப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன, சொல்லத்தான் வேண்டும். ஆயினும் ஆய்வகத்தில் உருவான மருந்து ஒரு குழந்தையின் நாவில் விழுவதற்கு இடையில் ஒரு நீண்ட வழி இருக்கிறது. அந்த வழியின் கடைசி ஒரு மைலை நடந்து கடப்பவர்கள் பெரும்பாலும் சொற்ப நாள்படிக்கு வேலை செய்யும் பெண்கள்.

அவர்கள் செய்யும் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கச் செல்லும் பெண் காலையில் ஒரு குளிர்பெட்டியை வாங்கிக்கொள்கிறார். அதில் உறைந்த பனிப்பொதிகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகள் இருக்கும். ஒவ்வொரு குப்பியின் மேலும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிறு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். வெப்பம் பட்டு மருந்து கெட்டுக்கொண்டே போனால் சதுரத்தின் நிறம் அடர்ந்துகொண்டே வரும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியை எறிந்துவிட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் அவர் பெட்டியைத் திறந்து இதைப் பார்த்த பிறகே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும். அயல் ஆண்கள் உள்ளே நுழைய முடியாத வீடுகள் ஏராளமாக இருப்பதால்தான் பெண்கள் அனுப்பப்படுகிறார்கள். வாசலில் நின்று, தாயிடம் பேசி, தாய் மறுத்தால் மாமியாரிடம் பேசி, குழந்தையை மடியில் வாங்கி, இரண்டே இரண்டு சொட்டுகளை விட்டு, விரல் நகத்தில் மையால் அடையாளம் இடுகிறார். பிறகு கதவிலோ சுவரிலோ சாக்பீஸால் எழுதுகிறார்: எத்தனை பிள்ளைகள், எத்தனை பேருக்குக் கொடுத்தாயிற்று, எவரேனும் வீட்டில் இல்லையா என்பதெல்லாம் அந்தக் குறியில் அடங்கும். விட்டுப்போன பிள்ளைக்காக இன்னொரு நாள் அதே வாசலுக்கு வர வேண்டும். அடுத்த சுற்றில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்படிப்பட்டவர்களைத்தான் 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் வட்டாரத்திலும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்துச் சுட்டார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இரண்டே மாதங்களில், 2013 பிப்ரவரியில், நைஜீரியாவின் கானோ நகரில் சொட்டு மருந்து கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்களின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அங்கும் ஒன்பது பெண்களின் உயிர் போயிற்று. 2018 ஜனவரியில் பாகிஸ்தானின் குவெட்டா நகரில் ஒரு தாயும் அவர் மகளும் ஒன்றாகவே மருந்து கொடுக்கப் போனார்கள், ஒன்றாகவே சுடப்பட்டு இறந்தார்கள். 2021 மார்ச்சில் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 2022 பிப்ரவரியில் அதே நாட்டின் தகார், குந்துஸ் மாநிலங்களில் ஒரே நாளில் எட்டுப் பேர் பலியானார்கள். இவர்களுக்குக் காவலாகப் போன போலீஸ்காரர்களில் இறந்தவர்களும் பலர்.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது எனக்கு மேலோங்கி நிற்பது இன்னொரு செய்தி. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் பணி சில நாள்களோ சில வாரங்களோ நிறுத்தப்பட்டது. பிறகு, இறந்தவர்களோடு வேலை செய்தவர்களே அதே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார்கள். கானோவில் அந்தப் பெண்கள் சுடப்பட்டு ஏழு ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டில், ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் இயற்கைப் போலியோக் கிருமியிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. கடைசிவரை அந்நோய் தங்கியிருந்த நாடு நைஜீரியாதான். அந்த அறிவிப்பின் பின்னால் இருந்த துணிச்சலை எந்தப் பதக்கம் ஈடு செய்யும்?

ஏன் சுட்டார்கள் என்ற கேள்விக்கும் முகம் கொடுத்தாக வேண்டும். மதவெறி என்ற ஒரே சொல்லில் அதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் முழு உண்மை ஆகாது. 2011ஆம் ஆண்டு ஒசாமா பின் லாடனைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, அப்பொத்தாபாத் நகரில் ஹெப்பாடைடிஸ் தடுப்பூசி போடும் திட்டம் ஒன்றைப் போர்வையாக்கி உளவு பார்க்க முயன்றது. அது வெளியே தெரிந்ததும், வாசலுக்கு வரும் ஒவ்வொரு தாதியும் ஒற்றர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் கைக்கு ஓர் ஆதாரம் கிடைத்துவிட்டது. தடுப்பூசித் திட்டங்களை இனி உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று வெள்ளை மாளிகை 2014 மே மாதம் தெரிவித்தது. அதற்குள் எத்தனையோ வீடுகளின் கதவுகள் அடைபட்டுவிட்டன. திட்டம் தீட்டியவர்கள் பாதுகாப்பான அறைகளில் இருந்தார்கள். பழியைச் சுமந்தவர் தெருவில் நின்ற பெண். இதை நான் மன்னிக்க முடியாத செயலாகவே கருதுகிறேன்.

வதந்தி செய்யும் கேடும் குறைந்ததில்லை. 2003ஆம் ஆண்டு வட நைஜீரியாவில், சொட்டு மருந்தில் மலடாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்ற பேச்சைக் கேட்டுச் சில மாநிலங்கள் மருந்தையே நிறுத்திவைத்தன. அங்கே மறுபடியும் பெருகிய கிருமி பல நாடுகளுக்குப் பரவி, 2005ஆம் ஆண்டு நம் அண்டை நாடான இந்தோனேசியாவுக்கே வந்து சேர்ந்தது. பத்து ஆண்டுகள் போலியோ இல்லாமல் இருந்த அந்நாட்டில் 300க்கும் மேற்பட்ட குழந்தைகள் முடங்கினார்கள். ‘ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது’ என்ற அதே பேச்சு, கோவிட் தடுப்பூசியைப் பற்றி, 2021ஆம் ஆண்டு நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் நல்ல தமிழில் வலம் வந்ததை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அதை அடுத்த குழுவுக்கு அனுப்பிவைத்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அனுப்பியவரின் கை நோகவில்லை. மறுநாள் அந்த வீட்டு வாசலில் வசவு வாங்கியவர் யார் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்.

இப்படியெல்லாம் அயல்நாட்டில்தானே நடக்கிறது, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1992க்குப் பிறகு ஒரு போலியோ நோயாளிகூட இல்லாமல் இருந்து, 2000ஆம் ஆண்டு போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்ற மலேசியாவில், 2019 டிசம்பரில் சபாவின் துவாரான் பகுதியில் மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்று அந்நோயால் பாதிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களில் சபாவில் மேலும் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். சுகாதாரப் பணியாளர்கள் தீவுகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் மருந்தைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கினார்கள். நடுவில் கோவிட் வந்து நாடே முடங்கியபோதும் அவர்கள் அந்த வேலையைக் கைவிட்டுவிடவில்லை. 2021 செப்டம்பரில்தான் அந்த நோய்ப்பரவல் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2016ஆம் ஆண்டு, தடுப்பூசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியான செய்தியும் இந்நாட்டில் வந்ததுதான். நான் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றிய காலத்தில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போடப் பள்ளிச் சுகாதாரக் குழு வரும் நாளில், சம்மதப் பாரத்தில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிய பெற்றோர் அலுவலகத்துக்கு வந்து தாதியர்களிடம் குரலை உயர்த்தியதைக் கண்டிருக்கிறேன். அந்தத் தாதியர்கள் பதிலுக்குக் குரலை உயர்த்தியதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

கோவிட் தடுப்பூசித் திட்டம் நம் நாட்டில் 2021 பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலை மாதம் ஷா ஆலாமில் இருந்த ஒரு பெரிய தடுப்பூசி மையத்தில் வேலை செய்த 453 பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் பரிசோதித்தபோது, 204 பேருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. மையம் ஒரு நாள் மூடப்பட்டுத் துப்புரவு செய்யப்பட்டு, வேறு குழுவோடு மறுபடியும் திறக்கப்பட்டது. பிறர் உடம்பில் அந்நோய் ஏறாமல் தடுக்கவென்று போய் நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உடம்பில் அதே நோய் ஏறியிருந்தது. அடுத்த மாதம் நாடு முழுவதும் ஒரே நாளில் 24,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்ட நாளும் வந்தது. அந்த நாள்களிலும் தடுப்பூசி மேசைகளுக்கு ஆள் வராமல் போகவில்லை. அக்டோபர் 10ஆம் நாள், வயது வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தடுப்பூசியை முழுமையாகப் பெற்றுவிட்டார்கள் என்று அறிவிக்கப்பட்டு, மறுநாள் மாநில எல்லைகள் திறக்கப்பட்டபோது, தீபாவளிக்கு ஊர் திரும்பலாம் என்று நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியை நமக்கு ஈட்டித் தந்தவர்களில் எத்தனை பேரை நாம் நேரில் போய்க் கண்டோம்?

எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணின் விருப்பத்துக்கு இணங்கி அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தவிர்க்கிறேன். அவர் வீட்டில் தையல் மிஷின் வைத்து ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துப் பிழைத்துவந்தவர். கைப்பேசி இல்லாத முதியவர்களை மைசெஜாத்ரா என்ற அரசாங்கக் கைப்பேசிச் செயலியில் தடுப்பூசிக்குப் பதிவு செய்ய யாரும் இல்லாதபோது, கோயில் இளைஞர்கள் சிலரோடு சேர்ந்து இவரும் லயம் லயமாகப் போனார். பதிவு செய்வதோடு நிற்கவில்லை. ஊசிக்கு நாள் குறித்துச் செய்தி வந்ததும் அதைப் படித்துச் சொல்வது, பாட்டிமார்களை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து மையத்துக்குக் கொண்டுபோவது, போட்டுக்கொண்ட இரவு காய்ச்சல் வந்தால் மாத்திரையோடு போய்ப் பார்ப்பது எல்லாமே அவர் பொறுப்பாயிற்று. பக்கத்து லயத்தில் இருந்த வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும், அவர்களுடைய கடப்பிதழ் எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்தான் பதிவு செய்து கொடுத்தார். ஒரு வீட்டில் விளக்குமாற்றோடு விரட்டினார்கள். மறுவாரம் அதே வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது மருத்துவமனைக்கு வண்டி ஏற்பாடு செய்தவரும் அவரே.

ஒரு மழை நாளில், குலை ஏற்றும் லாரிகள் உழுதுபோட்ட செம்மண் சாலையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டிக்குச் சிராய்ப்போடு போயிற்று. இவருக்கு வலது மணிக்கட்டு முறிந்து தகடு வைக்க வேண்டியதாயிற்று. அரசு மருத்துவமனையில் கட்டணம் குறைவுதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தைக்க முடியாமல் போன மாதங்களின் வருமானத்தைத்தான் கேட்டு வாங்க ஓர் இடம் இல்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருப்பவர்களுக்கானது. இவரை எவரும் வேலைக்கு வைக்கவில்லை. அரசாங்கத்தின் தன்னார்வலர் பதிவேட்டிலும் இவர் பெயர் இல்லை, ஏனெனில் பதிந்துகொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. இன்றும் கத்தரிக்கோலைப் பிடித்துத் துணி வெட்டத் தொடங்கினால் சற்று நேரத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. வெட்டும் வேலையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தைக்கும் வேலையை மட்டும் பார்க்கிறார். பிற்பாடு வட்டாரத்தில் ஓர் அமைப்பு முன்களப் பணியாளர்களுக்குப் பாராட்டு விழா நடத்தியது. மேடையில் பலருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அவர்களில் சிலர் நன்கொடை கொடுத்தவர்கள், சிலர் அழைப்பின் பேரில் வந்த பிரமுகர்கள். இந்தப் பெண்ணுக்கு அழைப்பும் போகவில்லை. அவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, ‘அதெல்லாம் வேணாம் சார், அந்தப் பாட்டி இன்னிக்கும் நல்லா இருக்காங்க, அது போதும்’ என்றார். அவருக்கு அது போதும் என்பதால் நமக்கும் அது போதும் என்று ஆகிவிடாது.

தடுப்பூசி போட்டுக்கொண்டதால் கடுமையான பின்விளைவுக்கு ஆளானவர்களுக்கு உதவ 2021ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் ஒரு சிறப்பு நிதியை ஒதுக்கியது. நீண்டகாலம் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தவருக்கு 50,000 ரிங்கிட் வரையிலும், நிரந்தர ஊனமோ மரணமோ ஏற்பட்டால் 5,00,000 ரிங்கிட் வரையிலும் வழங்க அதில் வகை செய்யப்பட்டது. அது மிகச் சரியான ஏற்பாடு. அத்தகைய பின்விளைவு அரிதினும் அரிது என்றாலும், பொது நன்மைக்காக ஊசி போட்டுக்கொண்டவர் அதன் சுமையைத் தனியாகத் தாங்கக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஊசியைப் பெற்றுக்கொண்டவருக்குப் பொருந்தும் அந்த நியாயம், ஊசி இருக்கும் இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கும், ஊசியை அவர் வாசலுக்குக் கொண்டுவந்தவருக்கும் பொருந்தும் அல்லவா? பதிவேட்டில் பெயர் உள்ளவர், இல்லாதவர் என்ற வேற்றுமை அதில் பார்க்கப்படக்கூடாது என்பது என் கருத்து. தோட்டத்தில் எவர் உழைத்தார் என்பது தோட்டத்து மக்களுக்குத் தெரியும். கோயில் தலைவரும் பள்ளித் தலைமையாசிரியரும் டேசா கிளினிக் எனப்படும் கிராமச் சுகாதார நிலையத்தின் தாதியும் சேர்ந்து சான்று அளித்தால் அதை ஏற்பதில் என்ன தடை?

ஆகவே பேராக் மாநில அரசாங்கத்தையும் எங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்தமுறை ஒரு தடுப்பூசி இயக்கம் வீடு வீடாக நடத்தப்படும்போது, அதில் இறங்கும் கடைசித் தன்னார்வலர்வரை விபத்துக் காப்புறுதி முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டியைக் கையில் கொடுக்கும் அன்றே காப்புறுதித் தாளையும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அடிபட்டவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, இழந்த வருமானத்தில் ஒரு பகுதியையாவது ஈடு செய்ய வேண்டும். மாநில விருதுப் பட்டியலில் ஆண்டுதோறும் இடம்பெறும் பெயர்களில் இப்படிப்பட்டவர்கள் சிலரும் இருந்தால் அந்தப் பட்டியலுக்கே அது சிறப்பு.

கோயில் நிர்வாகங்களிடமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் கேட்பதற்குப் பெரும் பணம் தேவைப்படாது. கோயில் மண்டபத்தில் திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்கள் பளிங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 101 ரிங்கிட் கொடுத்தவர் பெயர்கூட அங்கே இருக்கிறது. அதன் அருகிலேயே, நம் வட்டாரத்தில் நோய்த்தடுப்புப் பணியில் அடிபட்டவர்களின் பெயர்களை, அவர்களும் குடும்பத்தாரும் சம்மதித்தால், ஒரு கல்லில் பொறிக்கலாம். கராச்சியிலும் கானோவிலும் குவெட்டாவிலும் உயிர்விட்ட பெண்களையும் அக்கல்லில் ஒரு வரியில் குறிப்பிட வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் நம் மொழியினரோ நம் சமயத்தினரோ இல்லை. ஆயினும் போலியோ எந்த மூலையில் எஞ்சியிருந்தாலும் அங்கிருந்து கப்பலேறி, விமானமேறி நம் பிள்ளைகளிடம் வரக்கூடியது என்பதை இந்தோனேசியாவும் சபாவும் நமக்குக் காட்டிவிட்டன. அவர்கள் காத்த பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் அடக்கம்.

ஓட்டுநர்களை மறந்துவிடாதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. 2019 நவம்பரில் காங்கோ ஜனநாயகக் குடியரசில் எபோலா தடுப்புக் குழுவினர் தங்கியிருந்த இடங்களில் நடந்த தாக்குதலில் நான்கு பேர் இறந்தார்கள்: ஒருவர் தடுப்பூசிக் குழுவைச் சேர்ந்தவர், ஒருவர் போலீஸ்காரர், மற்ற இருவரும் ஓட்டுநர்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அந்நாட்டின் புத்தெம்போ நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட கேமரூன் நாட்டு மருத்துவர் ரிச்சர்ட் வலேரி முசோக்கோவின் பெயரை உலகம் அறிந்தது. அந்த ஓட்டுநர்களின் பெயர்கள் செய்திகளில் அவ்வளவாக வரவில்லை. மலைப்பாதையில் மருந்து கெடுவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள். நம் ஊரிலும் ஊராட்சி லாரியையோ தோட்டத்து வேனையோ ஓட்டிக்கொண்டு முதியவர்களை மையத்துக்குக் கொண்டுசென்றவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் எழுதும்போது அவர்களை விட்டுவிடக்கூடாது.

இதற்கெல்லாம் எதிர்வாதமாக, தொண்டு என்பது பலன் கருதாமல் செய்வது, அதற்குப் பணமும் பெயரும் கொடுத்தால் அதன் தூய்மை கெட்டுவிடும் என்று மதிப்புக்குரிய ஒரு நண்பர் என்னிடம் கூறினார். தொண்டு செய்பவர் பலனை எதிர்பார்க்கக்கூடாது என்பது அவருக்குரிய அறம். அவரால் பலன் பெற்றவர்கள் அவரைக் கைவிடக்கூடாது என்பது நமக்குரிய அறம். முன்னதைக் காட்டிப் பின்னதிலிருந்து நாம் நழுவிக்கொள்ள முடியாது. கை முறிந்த ஒரு தையற்காரப் பெண்ணின் மூன்று மாத வீட்டு வாடகையை ஊர் ஏற்றுக்கொண்டிருந்தால் அவருடைய தொண்டில் எந்தத் தூய்மை கெட்டிருக்கும்?

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், காலைச் சபைகூடலில், வட்டாரத்துத் தாதி ஒருவரையோ தன்னார்வலர் ஒருவரையோ அழைத்து, அவர் செய்த பணியை அவர் வாயாலேயே மாணவர்களுக்குச் சொல்லச் செய்யுங்கள். குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பனிப்பொதியைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளை விடுங்கள். ஊசியைக் கண்டு அழும் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த அக்காள் எங்கிருந்து, எப்படி வந்தார் என்பது தெரிந்திருக்கட்டும். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாளை ஒரு சுகாதாரப் பணியாளர் போனால், கதவைத் திறந்து ‘உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?’ என்று கேட்பது அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உலகத் தடுப்பூசி வாரம் முழுவதும் நாளுக்கு ஒரு சிறு பத்தியை ஒதுக்கி, நாட்டின் தோட்டப்புறங்களில் தடுப்பூசிப் பணியின்போது அடிபட்டவர்களையும் நோயுற்றவர்களையும் பற்றி வாசகர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளை, உரியவர்களின் சம்மதத்தோடு வெளியிட வேண்டுகிறேன். அந்தந்த ஊர்க் கோயில் நிர்வாகத்தாரும் பள்ளித் தலைமையாசிரியர்களும் குறிப்புகளைச் சரிபார்த்துக் கொடுக்க முன்வருவார்கள் என்று நம்புகிறேன். எங்கள் வட்டாரத்துக் குறிப்புகளைச் சேகரித்துத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மேலே சொன்ன தையற்காரப் பெண்ணிடம் அவருடைய பெயரை வெளியிட அனுமதி கேட்டு மறுபடியும் ஒருமுறை பேசவிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.